குழாய் எங்கே போயிற்று? மூக்கு வழி உணவூட்டலின் கதை

1913ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். லண்டன் ஹாலோவே சிறைச்சாலை.

கியூ தாவரவியல் பூங்காவில் இருந்த தேநீர் விடுதி தீக்கிரையான வழக்கில் கைதாகி அங்கே கொண்டுவரப்பட்டவர் லிலியன் லென்டன். வயது 22. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய அணியைச் சேர்ந்தவர். சிறைக்குள் வந்ததும் சாப்பிட மறுத்துவிட்டார். அதற்கு அன்றைய பிரிட்டிஷ் அரசிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஆட்கள் சேர்ந்து பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி ஆகாரத்தை ஊற்றுவது! 1909 முதலே உண்ணாவிரதம் இருந்த பெண் கைதிகளுக்கு இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் லென்டனுக்கு ஊற்றிய ஆகாரம் வயிற்றுக்குப் போகவில்லை. நுரையீரலுக்குள் போய்விட்டது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை வீங்கி, உயிருக்கே ஆபத்தான நிலையில் அவரை அவசர அவசரமாக விடுதலை செய்தார்கள். நோய்க்கு உணவூட்டியது காரணமல்ல என்று சாதித்தார் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னா. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி அதை மறுத்துப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில், உண்ணாவிரதம் இருந்து நலிந்த கைதிகளைத் தற்காலிகமாக விடுவித்து, தேறியதும் மீண்டும் பிடித்துப்போடும் சட்டம் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பூனை எலிச் சட்டம்'. லென்டன் பிழைத்துக்கொண்டார், 1972 வரை வாழ்ந்தார்.

அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால் இதில் ஒரு சாதாரண கேள்வி மிஞ்சுகிறது. ஊற்றுவதற்கு முன்பே குழாய் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள வழி இல்லையா?

கேட்க எளிதான கேள்விதான். ஆனால் மருத்துவ உலகம் நூறு வருடத்துக்கும் மேலாக இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலின் கதைதான் இது.

ஒரு வாசல், இரண்டு வழி

மூக்கின் பின்பக்கமும் வாயின் பின்பக்கமும் தொண்டையில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து கீழே இரண்டு பாதைகள். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. தப்பித் தவறி ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கே போனாலும் புரையேறி, கண்ணில் நீர் வரும்வரை இருமுகிறோம். இயற்கை வைத்திருக்கும் காவல்காரன் அந்த இருமல்.

ஆனால் குழாய் வழியாக உணவு யாருக்குத் தேவைப்படுகிறது? பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவர்கள், மயக்கத்தில் இருப்பவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள். இவர்களில் பலருக்கு இருமல் பலவீனமாக இருக்கும், சிலருக்கு வரவே வராது. அதாவது, காவல்காரன் தூங்கும் வீட்டுக்குள்தான் குழாய் போகிறது!

விலாங்கு மீன் தோலில் தொடங்கிய கதை

1790இல் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஐம்பது வயதுக்காரர். விழுங்கும் தசைகள் செயலிழந்துவிட்டன. ஹன்டர் என்ன செய்தார் தெரியுமா? திமிங்கில எலும்பு என்று அப்போது சொல்லப்பட்ட, வளையக்கூடிய குச்சி ஒன்றின் மேல் விலாங்கு மீனின் தோலை உறைபோல மாட்டினார். அதன் மேல்முனையில் ஒரு பையை இணைத்து, அதை வயிறு வரை செலுத்தி, முட்டை, சர்க்கரை, பால், ஒயின் என்று கலந்து உள்ளே அனுப்பினார். சில வாரங்களில் அந்த மனிதர் தேறி, தானே விழுங்க ஆரம்பித்தார். ஹன்டரின் குறிப்பு 1793இல் அச்சில் வந்தது. செயற்கை உணவூட்டலின் வரலாற்றை எழுதுபவர்கள் யாரும் இந்தச் சம்பவத்தை விடுவதில்லை.

அதன்பின் ரப்பர் குழாய்கள் வந்தன. 1921இல் ஒரே ஆண்டில் இரண்டு முக்கியமான குழாய்கள் அறிமுகமாயின. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆபிரகாம் லெவின் என்ற மருத்துவர் ஒன்றை வெளியிட்டார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் ஆல்ஃபிரட் ரைல் இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

இந்த இரண்டாவது பெயர் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. இன்றும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் "ரைல்ஸ் டியூப் போட்டிருக்காங்க" என்று சொல்கிறார்களே, அது இந்த ரைல்தான்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ரைல் தன் குழாயைச் சாப்பாடு கொடுப்பதற்காகக் கொண்டுவரவில்லை. வயிற்றில் அமிலம் எவ்வளவு சுரக்கிறது என்று சோதிக்க, இரைப்பை நீரை அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுப்பதற்காகத்தான் கொண்டுவந்தார். உள்ளே அனுப்ப அல்ல, வெளியே எடுக்க! அந்த அமிலம்தான் பல பத்தாண்டுகள் கழித்துக் 'குழாய் எங்கே' என்ற கேள்விக்குப் பதிலாகவும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் எல்லோரும் வேறு ஒரு பாதையில் வெகுதூரம் போய்விட்டார்கள்.

காதை நம்பிய காலம்

குழாய் போட்டவுடன் அதன் வெளிமுனையில் ஒரு சிரிஞ்சைப் பொருத்துவார்கள். வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு சிரிஞ்சில் இருக்கும் காற்றை வேகமாக உள்ளே தள்ளுவார்கள். 'புஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், குழாய் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். செலவில்லை, நேரமும் ஆகாது. உலகம் முழுக்க நர்ஸுகளும் மருத்துவர்களும் இதைத்தான் கற்றுக்கொண்டார்கள், அடுத்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். உணவுக்குழாயின் பாதியில் நின்றாலும் கேட்கும். நெஞ்சும் வயிறும் பக்கத்துப் பக்கத்து அறைகள், நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய தசைச் சுவர் மட்டும்தான் இருக்கிறது. ஒரு அறையில் எழும் சத்தம் அடுத்த அறையிலும் கேட்பதில் ஆச்சரியம் என்ன?

பிறகு ஏன் இத்தனை வருடம் இதை நம்பினார்கள்? இங்கேதான் கணக்கு வருகிறது. நூறு குழாய்களில் 98 சரியாக வயிற்றுக்கே போகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எந்தக் குழாயைச் சோதித்தாலும் 'சரி' என்றே சொல்லும் ஒரு சோதனை, நூற்றில் 98 முறை உண்மையைச் சொன்னதாகிவிடும்! இருபது வருட அனுபவம் உள்ளவர்கூட "எனக்கு ஒரு தடவையும் தப்பினதில்லையே" என்று மனசாரச் சொல்லலாம். ஆனால் சோதனை தேவைப்பட்டதே அந்த மீதி இரண்டு பேருக்காகத்தான். அந்த இரண்டு பேரிடமும் அது 'சரி' என்றே சொல்லியிருக்கும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு ரசீதைப் பதியவே மறந்துவிட்டாலும் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாக வரும். எந்தப் பிழையைச் சோதனை காட்டாது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

காற்றுச் சோதனையைத் தவிர வேறு சிலவும் இருந்தன. குழாயின் வெளிமுனையை ஒரு கிண்ணம் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. குமிழி வந்தால் நுரையீரல், வராவிட்டால் வயிறு. ஆனால் வயிற்றிலும் காற்று இருக்குமே! நுரையீரலுக்குள் போன குழாயின் ஓட்டை சுவரில் ஒட்டிக்கொண்டால் குமிழி வராமலும் போகுமே! நோயாளி இருமவில்லை, மூச்சுத் திணறவில்லை என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரும முடியாதவருக்கு அது எப்படி அத்தாட்சியாகும்?

மெல்லிய குழாய், பெரிய ஆபத்து

1970களில் நிலைமை இன்னும் சிக்கலானது. பழைய ரப்பர் குழாய்கள் தடிமனானவை, மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்குபவை. அதனால் நீண்டநாள் உணவூட்ட மெல்லிய, மிருதுவான குழாய்கள் வந்தன. நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அவ்வளவு மிருதுவான குழாய் தானாக உள்ளே போகாது, மடங்கிக்கொள்ளும். ஆகவே உள்ளே ஒரு கம்பியை வைத்துச் செலுத்தி, பிறகு கம்பியை உருவி எடுத்தார்கள்.

கம்பியால் விறைப்பான மெல்லிய குழாய் மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் சில நோயாளிகளுக்கு இருமல்கூட வருவதில்லை. இன்னும் தள்ளினால் நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய், அதைத் துளைத்து வெளியே வந்துவிடவும் கூடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியராக இருந்த நார்மா மெத்தெனி இந்த விஷயத்தை ஆராய ஆரம்பித்தார். அவரும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, காற்றுச் சத்தத்தை வைத்துக் குழாயின் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது என்று காட்டியது. குழாய் வழியாக வரும் திரவத்தின் அமிலத்தன்மையை அளந்து பார்க்கும் வழியையும் அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வார்டில் தினமும் அந்த வேலையைச் செய்யும் செவிலியர்களின் துறையிலிருந்தே இந்த ஆராய்ச்சி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதம்

அமிலத்தன்மையை எண்ணால் சொல்லும் பிஎச் அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் சோரென் சோரென்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இந்த அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடும், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு.

வெறும் வயிற்றின் நீர் கடும் அமிலம். நுரையீரலில் ஊறும் நீர் ஏறக்குறைய நடுநிலை. ஆகவே குழாயிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, நிறம் மாறும் பிஎச் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். ரைல் எதை அளக்கக் குழாய் போட்டாரோ, அதுவே குழாயின் முகவரியைச் சொல்லிவிடுகிறது!

2005 பிப்ரவரியில் பிரிட்டனின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் தவறான இடத்துக்குப் போன குழாய்களால் 11 பேர் இறந்தது தெரியவந்ததே அதற்குக் காரணம். காற்றுச் சத்தம், குமிழிச் சோதனை, இருமலைக் கவனிப்பது, இவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றது முகமை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த நீல லிட்மஸ் தாளும் வேண்டாம் என்றது. லிட்மஸ் 'அமிலம் உண்டா, இல்லையா' என்றுதான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. நுரையீரல் நீர் லேசாக அமிலமாக இருந்தாலும் அது சிவந்துவிடக்கூடும். எண் சொல்லும் பிஎச் காகிதம்தான் வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் உணவு கொடுக்கலாம், வராவிட்டால் எக்ஸ்ரே.

2009இல் பிரிட்டன் மருத்துவமனைகளில் 'ஒருபோதும் நடக்கக் கூடாதவை' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மொத்தம் எட்டே விஷயங்கள். அதில் ஒன்று இந்தக் குழாய்!

எக்ஸ்ரே பொய் சொல்லாது, ஆனால்...

காகிதத்துக்கும் எல்லை உண்டு. 1980களின் இறுதியிலிருந்து ஒமெப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பரவலாகிவிட்டன. அதைச் சாப்பிடுபவரின் வயிற்று நீர் 5.5ஐத் தாண்டிவிடலாம். சில சமயம் மெல்லிய குழாயில் திரவமே வராது. அப்போது எக்ஸ்ரேதான் கதி.

எக்ஸ்ரே வந்துவிட்டால் சந்தேகமே இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2011 மார்ச்சில் வந்த அடுத்த எச்சரிக்கை அதிர்ச்சி தந்தது. 2005 செப்டம்பர் முதல் 2010 மார்ச் வரை 21 மரணங்களும் 79 பாதிப்புகளும் பதிவாகியிருந்தன. அவற்றில் மிகப் பெரிய காரணம் எக்ஸ்ரேயைத் தவறாகப் படித்தது. 45 சம்பவங்கள், அதில் 12 மரணங்கள்.

படம் சரியாகத்தான் காட்டியது. பார்த்தவர் தவறாகப் புரிந்துகொண்டார். குழாய் மேலிருந்து கீழே நடுவாக வருகிறதா, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராகத் தாண்டுகிறதா, உதரவிதானத்தை நடுவில் கடக்கிறதா, முனை இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முனை கீழே தெரிகிறது என்பது மட்டும் போதாது. நுரையீரலின் பின்பகுதி உதரவிதானத்துக்குப் பின்னால் தாழ்வாக இறங்கியிருப்பதால், அங்கே போன குழாயும் படத்தில் வயிற்றில் இருப்பதுபோலத் தோன்றலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் படம் இந்த நோயாளியுடையதுதானா, கடைசியாக எடுத்ததுதானா என்றும் பார்க்க வேண்டும்!

2012 மார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. இது இன்னும் வினோதமானது. சில குழாய்களின் கம்பி எளிதாக உருவி வர உள்ளே வழவழப்புப் பூச்சு ஒன்று இருக்கும். குழாயின் இடத்தைச் சோதிக்கும் முன்பே அதில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பிறகு உறிஞ்சியபோது வந்தது, தண்ணீரும் பூச்சும் கலந்த திரவம். அது பிஎச் காகிதத்தில் 5.5க்குக் கீழே காட்டியிருக்கிறது. காகிதம் 'வயிறு' என்றது, குழாய் நுரையீரலில் இருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நல்ல சோதனையைக்கூட அதன் முறைப்படி செய்யாவிட்டால் அதுவும் பழைய 'புஸ்ஸ்' சத்தத்தைப்போல ஆகிவிடுகிறது.

திரையில் தெரியும் பாதை

2000களில் மின்னணுக் கருவிகள் வந்தன. அவற்றில் பிரபலமானது கார்ட்ராக். குழாயின் உள்கம்பியின் முனையில் மின்காந்த அலை அனுப்பும் சிறு சுருள் இருக்கும். நோயாளியின் நெஞ்சின் மேல் ஒரு வாங்கியை வைத்தால், குழாய் போகும் பாதை திரையில் கோடாக வரும். எக்ஸ்ரே கதிர் இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சுக்குழாய்க்குள் போனால் வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை 'இங்கே இல்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும். நுரையீரலில் இல்லை என்பதற்கும் வயிற்றில் இருக்கிறது என்பதற்கும் நடுவில் உணவுக்குழாய் இருக்கிறதே!

2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கார்ட்ராக்கின் இரண்டாம் தலைமுறைக் கருவி பற்றி மிகக் கடுமையான வகையைச் சேர்ந்த அறிவிப்பை வெளியிட்டது. அந்தக் கருவியைப் பயன்படுத்தியும் குழாய் தவறான இடத்துக்குப் போன சம்பவங்களில் 2015 முதல் 60 பாதிப்புகளும் 23 மரணங்களும் தெரிவிக்கப்பட்டிருந்தன. திரையைப் பார்த்துச் செலுத்தினாலும், மருத்துவமனையின் வழக்கமான முறைப்படி இன்னொரு தடவை உறுதிசெய்த பிறகே உணவு கொடுக்க வேண்டும் என்று பயன்பாட்டுக் குறிப்பு திருத்தப்பட்டது.

எக்ஸ்ரேயில் நடந்ததே இங்கும் நடந்தது. கருவி ஒரு கோட்டைக் காட்டும், அந்தக் கோட்டுக்கு அர்த்தம் சொல்வது மனிதர்தான்.

கணக்கு எங்கே நிற்கிறது?

இங்கிலாந்தில் 2011 செப்டம்பர் முதல் 2016 மார்ச் வரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் பயன்படுத்தப்பட்டன. அவற்றில் சுவாசப் பாதைக்குள் உணவோ மருந்தோ போனதாகப் பதிவான சம்பவங்கள் 95. இறந்தவர்கள் 32 பேர். வகுத்துப் பார்த்தால் சுமார் 31,000 குழாய்களுக்கு ஒன்று. ரொம்பக் குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் இத்தனை அரிதாக நடப்பதால்தான் இது ஆபத்தாகவும் இருக்கிறது. ஒருவர் தன் வேலைநாள் முழுவதும் ஒரு விபத்தையும் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். பார்க்காததால் சோதனை வெறும் சடங்காகிவிடும். அந்த 32 பேரின் வீடுகளில் போய் 31,000க்கு ஒன்று என்று சொன்னால் யாருக்கும் ஆறுதல் வராது.

ஹன்டரின் விலாங்குத் தோலிலிருந்து மின்காந்தச் சுருள் வரை குழாய் எவ்வளவோ மாறிவிட்டது. பதில்களும் காது, கண், காகிதம், திரை என்று மாறிக்கொண்டே வந்தன. இவற்றில் நம்பத்தக்கது எது என்று கேட்டால், கிடைக்கும் பதில் ஒரு கருவியின் பெயர் அல்ல. குழாய் தப்பான இடத்தில் இருக்கும்போது 'தப்பு' என்று சொல்லக்கூடிய சோதனை எதுவோ, அதை முறைப்படி செய்து, அந்த எண்ணை எழுதியும் வைப்பதுதான். அதுவும் போட்ட அன்று மட்டுமல்ல. இருமல், வாந்தி, புரண்டு படுத்தல் எதிலும் குழாய் நகரலாம். ஆகவே ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் பார்க்க வேண்டும். குழாயில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் குறி மூக்கின் அருகே அதே இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ரைல்ஸ் டியூப் போடும் நாள் யாருக்கும் வரலாம். அப்போது முதல் வேளை ஆகாரம் ஊற்றும் முன், "சிஸ்டர், டியூப் வயித்துக்குள்ளதான் இருக்குன்னு எப்படிப் பாத்தீங்க?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்கலாம். அது அவரைச் சந்தேகப்படுவதாகாது. 1913இல் ஹாலோவே சிறையில் கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான்.